உங்கள் பெயரை எப்படி டைப் செய்யப் போகிறீர்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள், அதைப் பிரித்து இணைத்துத் தரும்படி அழைத்தால் நான் பெரும்பாலும் மறுப்பதில்லை. நல்ல காபி கிடைக்கும் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு வீட்டிலும் நான் எதிர்பாராத ஒரு கேள்வி கிடைக்கும் என்பது இன்னொரு காரணம். சென்ற மாதம் எங்கள் தெருவில் உள்ள ஓய்வு பெற்ற தமிழாசிரியர் வீட்டில் கிடைத்த கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

மகன் வாங்கித் தந்த லேப்டாப். ஆன் செய்து, நாடு, கீ போர்டு, இன்டர்நெட் இணைப்பு எல்லாம் முடிந்து, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் தொடங்கும் இடத்திற்கு வந்தோம். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்று பர்ஸ்ட் நேம். மற்றொன்று லாஸ்ட் நேம். ஐயா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கேட்டார்: "தம்பி, பர்ஸ்ட் நேம்னா முதல்ல வர்ற பேரு. என் பேர்ல முதல்ல வர்றது எங்கப்பா எழுத்து. கடைசியிலதான் நான் வர்றேன். அப்ப பர்ஸ்ட் நேம்ல அப்பாவையும் லாஸ்ட் நேம்ல என்னையும் போடணும். சரிதானே?"

இலக்கணம் சொல்லிக் கொடுத்தே முடி நரைத்தவர். அவருடைய வாதத்தில் நான் பிழை காண முடியவில்லை. பிழை அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. பர்ஸ்ட் நேம் என்றால் முதலில் எழுதுவது என்று பொருள் இல்லை. உங்களுக்கென்று வைக்கப்பட்ட பெயர் என்று பொருள். லாஸ்ட் நேம் என்றால் குடும்பத்திற்கே பொதுவான பெயர். நம்மில் பெரும்பாலானோருக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. இல்லாத ஒன்றைக் கேட்டு, தராவிட்டால் அடுத்த பக்கத்திற்கு விடமாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் மிரட்டினால் மனிதர் என்ன செய்வார்?

நானும் 2001ஆம் ஆண்டில், ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, என் முதல் இமெயில் முகவரியைத் தொடங்கியபோது ஐயா சொன்னபடியேதான் செய்தேன். பர்ஸ்ட் நேம் கட்டத்தில் அப்பாவின் பெயர். அதன் பலன் அடுத்த வாரமே தெரிந்தது. எனக்கு வந்த மெயில்களெல்லாம் "ஹாய்" என்று தொடங்கி, அடுத்து என் அப்பாவின் பெயரைச் சொல்லின. எங்கள் ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை பெரியப்பா ஒருவருக்குத்தான் இருந்தது. அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. வாத்தியார் கேட்டால்கூட நாங்கள் தயங்கித்தான் சொல்வோம். யாரோ ஒரு பொருளை விற்கப் பார்க்கும் கம்பெனி, "ஹாய்" போட்டு அவரைப் பெயர் சொல்லி அழைத்தது எனக்குப் பிடிக்கவே இல்லை. இது சின்ன விஷயம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு இன்றும் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

புள்ளியும் ஓர் எழுத்துதான்

கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் ஒன்றை முதலில் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். பழனிச்சாமியின் மகன் சரவணன் என்று ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். பி புள்ளி சரவணன், பி இடைவெளி சரவணன், சரவணன் புள்ளி பி, பழனிச்சாமி சரவணன், சரவணன் பழனிச்சாமி. இவை ஐந்தும் ஒருவரே என்பது தபால்காரருக்குத் தெரியும். மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு இவர்கள் ஐந்து பேர். புள்ளிக்கு அதனிடம் 46 என்று ஓர் எண் உண்டு. இடைவெளிக்கு 32 என்று ஓர் எண். எண் வேறானால் ஆள் வேறு. அவ்வளவுதான் அதன் அறிவு.

இதிலும் ஓர் ஒழுங்கு கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஜிமெயிலில் முகவரியின் பெயர்ப் பகுதியில் நீங்கள் எத்தனை புள்ளி வைத்தாலும் அது கண்டுகொள்வதில்லை; புள்ளி வைத்து அனுப்பினாலும் வைக்காமல் அனுப்பினாலும் அதே பெட்டிக்குத்தான் மெயில் வரும். ஆனால் ஆதார் அட்டையை இன்டர்நெட்டில் பி.டி.எப். பைலாக இறக்கினால், அதைத் திறக்கும் பாஸ்வேர்ட் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் (ஆங்கிலப் பெரிய எழுத்தில்) பிறந்த ஆண்டும் சேர்ந்தது. இங்கே புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும், இடைவெளி வராது. ஆதாரில் பெயர் பி, புள்ளி, சரவணன் என்று இருந்து 1990ல் பிறந்திருந்தால், பி, ஒரு புள்ளி, எஸ், ஏ, அதன் பின் 1990. "பைல் திறக்கவே இல்லை, கெட்டுப் போய்விட்டது" என்று என்னிடம் வந்தவர்களில் பலர் இந்தப் புள்ளியை விட்டவர்கள்தான்.

மொபைல் போனில் ஒரு பெயரைத் தேடித் தேடிக் களைத்திருப்பீர்கள். அதற்கும் இதுவே காரணம். முன்னால் இனிஷியல் போட்டுச் சேமித்தால், அகர வரிசையில் சரவணன் எஸ் வரிசையில் இருக்க மாட்டார். அப்பாவின் எழுத்தான பி வரிசையில் போய் நின்றிருப்பார். எக்ஸெல்லில் கல்யாண அழைப்பு லிஸ்ட் தயாரித்து சார்ட் செய்து பாருங்கள், மொத்த ஊரும் அப்பாக்களின் பெயர் வரிசையில் அணிவகுக்கும். பள்ளிக்கூடங்களில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் போடும் வழக்கம் பரவியது இந்த வரிசைத் தொல்லையால்தான் என்பது என் ஊகம்.

விண்டோஸ் வைக்கும் பெயர்

புதிய கம்ப்யூட்டரில் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தால், சி டிரைவில் யூசர்ஸ் என்னும் போல்டருக்குள் உங்களுக்கென ஒரு போல்டர் உருவாகும். அதற்கு விண்டோஸ் தானாகவே ஒரு பெயர் வைக்கும். வழக்கமாக உங்கள் இமெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்துகள். பெயர் என்ன ஆனாலும் ஐந்தோடு வெட்டு. பி சரவணன் என்பவர் "பிசர" என்ற அளவில் நின்று போவார். (என் நண்பர் ஒருவருக்கு இந்த ஐந்து எழுத்து வெட்டில் வந்த சொல்லை இங்கே அச்சிட முடியாது.) பின்னர் அக்கவுண்டில் பெயரை மாற்றினாலும் இந்தப் போல்டரின் பெயர் மாறாது. கம்ப்யூட்டர் இயங்குவதில் இதனால் கெடுதல் ஏதுமில்லை. ஆனால் கம்ப்யூட்டர் கைக்கு வந்த முதல் அரை மணி நேரத்தில் அவசரமாகத் தந்த பெயர், அந்தக் கம்ப்யூட்டர் உள்ளவரை கூடவே வரும் என்பதற்காகச் சொல்கிறேன். யூசர் பெயரைத் தமிழில் வைக்கும் ஆசை எனக்கும் உண்டு. வைத்துப் பார்த்தேன். சில பழைய சாப்ட்வேர் தொகுப்புகள் தமிழ் எழுத்துள்ள போல்டர் பாதையைப் படிக்கத் தெரியாமல் திணறின. திரையில் தெரியும் பெயரைத் தமிழிலும் போல்டர் பெயரை ஆங்கிலத்திலும் வைத்துக் கொள்வது இப்போதைக்கு நிம்மதி.

வேர்டு தொகுப்பிலும் ஒரு பெயர் ஒளிந்திருக்கிறது. பைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல் எனச் சென்றால் யூசர் நேம், இனிஷியல்ஸ் என இரண்டு கட்டங்களைக் காணலாம். இந்த இனிஷியல் நம் ஊர் இனிஷியல் அல்ல. பெயரின் ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தைச் சேர்ப்பது. அசெம்பிள்டு கம்ப்யூட்டர் காலத்தில் இந்தக் கட்டத்தில் கடைக்காரர் பெயர்தான் இருக்கும். நாம் எழுதிய கடிதம், கதை, விண்ணப்பம் எல்லாவற்றிற்கும் ஆசிரியர் அவர்தான்! இப்போது வேறொருவர் பயன்படுத்திய லேப்டாப்பை வாங்குபவர்கள் இதைப் பார்த்துக் கொள்வது நல்லது.

சரி, இவையெல்லாம் வீட்டுக்குள் நடப்பவை. தவறாகப் போனாலும் சிரித்துவிட்டுப் போகலாம். வெளியே தரும் பெயர் அப்படி அல்ல.

அப்பா எழுதிய பெயர்

என் அப்பா 2012ல் இறந்தார். ஒரு வங்கியில் அவர் பெயரில் பிக்சட் டெபாசிட் இருந்தது. பெரிய தொகை அல்ல. ஆனால் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அதைத்தான் நம்பியிருந்தோம். நாமினி நான்தான் என்று அப்பா எப்போதோ சொல்லியிருந்தார். வங்கிக்குப் போனேன். கிளார்க் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "நாமினி பேரு ராசுன்னு இருக்கு சார். அது யாரு?" என்றார்.

ராசு நான்தான். பள்ளிக்கூடத்தில் சேரும் வரை எனக்கு அந்த ஒரு பெயர்தான் இருந்தது. ரெக்கார்டுக்கு வேறு பெயர் இருப்பதே முதல் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுதான் எனக்குத் தெரியும். பாரத்தை நிரப்பிய அன்று அப்பாவின் மனதில் எந்தப் பெயர் ஓடியதோ அதை எழுதிவிட்டார். மகன் பெயர் என்ன என்று கேட்டால் அவருக்கு அதுதான் பெயர். இனிஷியல்கூட இல்லை. ராசு. அவ்வளவுதான்.

அந்த கிளார்க் நல்ல மனிதர். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வி.ஏ.ஓ. சான்று, நோட்டரி முன் உறுதிமொழி, ராசுவும் நானும் ஒருவரே என்று கையெழுத்திட இரண்டு சாட்சிகள் என அலைந்ததில் எட்டு மாதம் ஓடிவிட்டது. அம்மாவின் ஆபரேஷனைக் கடன் வாங்கித்தான் செய்தோம். கடைசியில் அந்தப் பழைய பாரத்தின் நகலை என்னிடம் காட்டினார்கள். அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் இன்றே உங்கள் வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், பி.எப். ஆகியவற்றில் நாமினி பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். "பாப்பா", "தம்பி", "கண்ணன்" என்றெல்லாம் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள நேரம் இல்லை என்பவர்கள்கூட இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

லாஸ்ட் நேம் கட்டத்தில் யாரை உட்கார வைப்பது?

இனி என் கருத்துக்கு வருகிறேன். அந்த இரண்டாவது கட்டத்தை நிரப்ப நம்மிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. இனிஷியல் எழுத்தை மட்டும் தருவது. ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் தருவது. அப்பா அல்லது அம்மாவின் முழுப் பெயரைத் தருவது. நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

எழுத்தை மட்டும் தருவது இன்றைக்கு எளிதாகத் தெரியும். நாளைக்குத் தொல்லை தரும். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்பதில்லை. விரித்துத்தான் எழுத வேண்டும். தனிநபர் பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து, நீங்கள் எதை சர்நேம் என்று தந்தீர்களோ அதன் முதல் எழுத்து. உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு ஏஜென்ட் அப்பா பெயரைப் போட்டாரா, உங்கள் பெயரைப் போட்டாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆதாரில் பி என்ற எழுத்து, பானில் பழனிச்சாமி என்று முழுப்பெயர். இரண்டையும் இணைக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று வந்து நிற்கும். 2023 ஜூன் 30க்குள் இணைக்காதவர்களின் பான் ஜூலை முதல் செயலிழந்தபோது, இந்த ஓர் எழுத்தால் மாட்டிக் கொண்டவர்களை நான் நேரிலேயே பார்த்தேன். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். அவசரத்தில் ஒரு முறையை வீணாக்கிவிட்டால் மீதி ஒன்றுதான்.

பாஸ்போர்ட்டில் கதை இன்னும் கடினம். புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இருக்கும். இயந்திரம் படிப்பதற்கான வரிகள் அவை. ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். முதல் வரியில், ஆவணம், நாடு இவற்றின் குறிகள் போக, 39 இடங்கள் பெயருக்கு. முதலில் சர்நேம், இரண்டு அம்புக்குறி, பின்னர் உங்கள் பெயர். புள்ளிக்கு அங்கே இடமே இல்லை. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுப் பாஸ்போர்ட் எடுத்த ஒருவர் அமெரிக்க விசா வாங்கினால், அவருடைய பெயர் சர்நேம் இடத்திற்குப் போய்விடும்; அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எப்.என்.யு. என்று இருக்கும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த பெயர், தெரியாத பெயராகிவிடுகிறது! பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ள பயணிகளை அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்து, பின்னர் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருக்கும் சிலருக்கு மட்டும் தளர்த்தியது. டிக்கெட் போடும்போது ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் தரச் சொல்லும் விமான நிறுவனங்களும் உண்டு. சரவணன் சரவணன்!

ஆகவே என் வழி இதுதான். பர்ஸ்ட் நேம் கட்டத்தில் என் பெயர். லாஸ்ட் நேம் கட்டத்தில் அப்பாவின் முழுப் பெயர். ஆவணம் என்று பெயர் பெற்ற எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல். "ஹாய்" என்று வருபவர்கள் என்னை அழைக்கட்டும். "மிஸ்டர்" என்று மரியாதையோடு வருபவர்கள் அப்பாவை அழைக்கட்டும். 2013ல் ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் ஒலிபெருக்கியில் "மிஸ்டர்" போட்டு அப்பாவின் பெயரைச் சொல்லி, கேட்டுக்கு வரும்படி அழைத்தார்கள். அவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அழைப்பது என்னைத்தான் என்று உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. அவர் ஒரு முறைகூட விமானத்தில் ஏறியதில்லை.

இது என் வழி. உங்களுக்கு அம்மாவின் பெயர் வேண்டும் என்றால் அதைப் போடுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் எம் மதுரை; எஸ் அவருடைய தாயார் சண்முகவடிவு. சி.என். அண்ணாதுரையின் சி காஞ்சிபுரத்தின் பழைய ஆங்கிலப் பெயரின் எழுத்து. ஊரும் அம்மாவும் நம் பெயருக்கு முன்னால் எப்போதோ உட்கார்ந்துவிட்டவர்கள்தான்.

உலகம் அறிந்தவர்களுக்கும் இந்தக் கட்டத் தொல்லை உண்டு. கணித மேதை ராமானுஜனை ஸ்ரீனிவாச ராமானுஜன் என்று எழுதும்போது ஸ்ரீனிவாச என்பது அவர் தந்தை பெயர். விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டவர் பலர் விஷி என்று செல்லமாக அழைக்கிறார்கள். அது அவர் அப்பாவின் பெயரிலிருந்து வந்த செல்லப் பெயர்! நாமெல்லாம் தினமும் பயன்படுத்தும் கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சையின் இயற்பெயர் பிச்சை சுந்தரராஜன். தந்தை பெயர் ரகுநாத பிச்சை. பின்னால் போய் நின்றது அப்பா பெயர். முன்னால் வந்தது சுருக்கிய தன் பெயர். என் வழிக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு எனக்குத் தேவையில்லை. ஆர். பிரக்ஞானந்தாவின் பெயரை சர்வதேசச் செஸ் பட்டியலில் பாருங்கள். தன் பெயர், அடுத்து ஆர் என்று ஓர் எழுத்து. அவ்வளவுதான். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் விரித்த இனிஷியலையும் சேர்த்து எழுத ஆரம்பித்தால் பாஸ்போர்ட்டின் 39 இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும்.

நான்காவது வழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? வெளிநாடு போகும் இளைஞர்கள் சிலர், அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பத் தாத்தாவின் சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து வைக்கிறார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பின் வந்த தலைமுறைகளில் தமிழ்நாட்டுப் பெயர்களிலிருந்து அது பெருமளவு உதிர்ந்தது. யாரோ ஒரு புரோகிராமர் இரண்டு கட்டம் போட்டான் என்பதற்காக அதைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொள்வதா? எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கட்டம்தான் மாற வேண்டும். முழுப்பெயர் என்று ஒரு கட்டம், உங்களை எப்படி அழைக்கலாம் என்று இன்னொரு கட்டம். இவை இரண்டு இருந்தால் உலகில் எந்த ஊர்க்காரருக்கும் பிரச்னை இல்லை. சில வெப் சைட்டுகள் இப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டன. பேஸ்புக்கில் ஒரு காலத்தில் ஒற்றைப் பெயர் வைக்க, மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு லாஸ்ட் நேமை அழித்துவிடலாம் என்று ஒரு குறுக்கு வழி இன்டர்நெட்டில் பரவியது. தமிழ் தெரியாதவர்களெல்லாம் அதற்காகத் தமிழுக்கு மாறினார்கள். நமக்கு அதில் கொஞ்சம் பெருமைதான்!

பெண்களின் பாடு

இவ்வளவு நேரம் ஆண்களின் தொல்லையைத்தான் பேசினேன். என் மனைவியின் பீரோவைத் திறந்தால் நான்கு பேர் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அவள் அப்பாவின் எழுத்து. ரேஷன் கார்டில் என் எழுத்து. வங்கி பாஸ்புக்கில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பாஸ்போர்ட்டில் என் பெயரே சர்நேம். இவற்றில் அவள் விரும்பித் தேர்ந்தெடுத்தது எது என்று ஒரு நாள் கேட்டேன். "என்னை யாரு கேட்டாங்க?" என்றாள். ரேஷன் கார்டை எழுதியவர் கேட்கவில்லை. பாஸ்போர்ட் பாரத்தை நிரப்பியவனும் கேட்கவில்லை. அந்த ஆள் நான்தான்.

கல்யாணம் ஆனால் பெண் தன் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வழக்கம்தான் இருக்கிறது. மாற்றினால் பழைய மார்க் ஷீட்டிலிருந்து பி.எப். வரை எல்லாவற்றோடும் போராட வேண்டும். முறையாக மாற்ற விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளியிட வழி இருக்கிறது. மாற்ற விரும்பாதவர்கள் அப்படியே விட்டுவிடலாம். நான் என் மனைவிக்குச் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். பாரத்தை அவர் கையில் கொடுங்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பற்றி எழுதினால் இந்தப் பத்திரிகையின் எல்லாப் பக்கங்களும் போதாது. தமிழ்ச்செல்வி என்ற ஒரு பெயரை டி போட்டு ஆரம்பிப்பவர், டி எச் போடுபவர், ழ-வுக்கு எல் போடுபவர், இசட் எச் போடுபவர் என்று எத்தனை பேர்! தமிழில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை. இனிஷியலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் எம் என்று போட்டால் அப்பா முருகேசனா, மாணிக்கமா, மீனாட்சிசுந்தரமா என்று தெரியாது. மு., மா., மீ. என்றால் பாதிப் பெயர் வந்துவிடும். பெயரோடு இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழக அரசு 2021 டிசம்பரில் மாணவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்குமாக ஆணை பிறப்பித்தது எனக்குப் பிடித்த ஆணைகளில் ஒன்று. ஆனால் பான் கார்டும் பாஸ்போர்ட்டின் அந்த இரண்டு வரியும் ஆங்கிலத்தைத்தான் படிக்கின்றன. ஆகவே உங்கள் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றை முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, கம்ப்யூட்டர் டேபிளின் மேல் ஒட்டி வையுங்கள். பாரத்தை யார் நிரப்பினாலும் அதைப் பார்த்து நிரப்பட்டும். எங்கள் வீட்டில் ஒட்டியிருக்கிறது. மனைவியின் பெயருக்கு நேராக மட்டும் இன்னும் காலியாக விட்டிருக்கிறேன். அவள் யோசித்துக் கொண்டிருக்கிறாள்.

தமிழாசிரியர் வீட்டிற்கு வருவோம். நான் இவ்வளவையும் சுருக்கிச் சொல்லி முடித்தபோது காபி ஆறிவிட்டது. ஐயா பர்ஸ்ட் நேமில் தன் பெயரையும் லாஸ்ட் நேமில் தந்தை பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி டைப் செய்தார். மெயில் முகவரியில் பிறந்த ஆண்டைச் சேர்க்கப் போனார்; பாஸ்வேர்ட் பற்றி மேலே எழுதியதைச் சொல்லித் தடுத்தேன். எல்லாம் முடிந்து திரை வந்ததும், "இதுல நுழையும்போது வேற பேரு தெரியுற மாதிரி வைக்கலாமா?" என்று கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். வைக்கலாம், தனியே ஒரு லோக்கல் யூசர் அக்கவுண்ட் தொடங்கினால் அதற்கு எந்தப் பெயரும் வைக்கலாம், யாரிடமும் காட்டத் தேவையில்லை என்றேன். இளம் வயதில் கவிதை எழுதியபோது வைத்துக் கொண்ட புனைபெயர் ஒன்று இருக்கிறதாம். வேலையில் சேர்ந்த பின் விட்டுவிட்டாராம். அதைத் தமிழில் டைப் செய்யச் சொன்னார். போல்டர் பெயர், பழைய சாப்ட்வேர், திணறல் என்று எச்சரித்தேன். "பரவால்ல தம்பி, நான் என்ன பெரிய சாப்ட்வேரா போடப் போறேன்?" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் ஆன் செய்தபோது அந்தப் பெயர் திரையில் வந்தது. உள்ளே இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அதன் பிறகு, பிரிண்டரை எப்படி இணைப்பது என்று கேட்டார்.